ஃபைல் சர்வரை யாருக்கும் நோகாமல் நிறுத்துவது எப்படி?

பெங்களூரில் மாரத்தஹள்ளி பக்கம் சிப் டிசைன் அலுவலகம் ஒன்றில் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் அலுவலகத்தில் ஒரே ஒரு லினக்ஸ் ஃபைல் சர்வர். ப்ராஜெக்ட் வால்யூமும் எல்லோருடைய ஹோம் டைரக்டரிகளும் அதிலிருந்து என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே ஃபைல்களைப் பகிரும் முறை) வழியாக நாற்பது லினக்ஸ் இயந்திரங்களுக்குப் போகின்றன. அதே சர்வர் சாம்பா (விண்டோஸுக்கு ஃபைல் பகிரும் மென்பொருள்) வழியாக அக்கவுன்ட்ஸ், எச்ஆர் பிரிவுகளின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் ஃபோல்டர்களைக் கொடுக்கிறது. போன முறை பராமரிப்புக்காக என்எஃப்எஸ்ஸை நிறுத்தி சர்வரை அணைத்ததும், பாதி இயந்திரங்கள் அப்படியே உறைந்துபோய்விட்டன. டிஸ்க் இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையை அடித்தால் பதிலே இல்லை, லோட் ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) நூறைத் தாண்டியது, கடைசியில் ஒவ்வொன்றாகப் பவர் பட்டனை அழுத்தி அணைக்க வேண்டியதாயிற்று. அக்கவுன்ட்ஸில் ஒருவருடைய எக்செல் வேலை போய்விட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மின்வேலை இருப்பதாகக் கட்டட நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. சில வாரம் கழித்து புதுச் சர்வருக்கும் மாற வேண்டும். இதற்கெல்லாம் சரியான வரிசை என்று ஒன்று உண்டா என்பது கேள்வி.

உண்டு. ஆனால் ஒரே வரிசை இல்லை. எந்தக் கட்டளையை அடிப்பதற்கு முன்னாலும் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: சர்வர் போன மாதிரியே திரும்பி வரப்போகிறதா, இல்லையா? அதே டிஸ்க், அதே ஐபி, அதே எக்ஸ்போர்ட் (சர்வர் வெளியே பகிரும் டைரக்டரி) என்று சிறிது நேரத்தில் திரும்பி வருமானால் செய்ய வேண்டியது ஒன்று. கிளையன்ட்களும் (சர்வரிலிருந்து ஃபைல் வாங்கும் இயந்திரங்களும்) சேர்ந்து அணையப் போகின்றன, அல்லது சர்வரே மாறப் போகிறது என்றால் செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். போன முறை நடந்தது இந்த இரண்டையும் கலந்ததால் வந்த வினை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அந்த உறைதலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைக் கோளாறு என்று நினைத்தால் தீர்வும் தவறாகிவிடும். லினக்ஸில் என்எஃப்எஸ் மவுன்ட் (சர்வரின் டைரக்டரியைக் கிளையன்ட்டின் டைரக்டரி மரத்தில் இணைப்பது) இயல்பாக 'ஹார்ட்' வகை. சர்வர் பதில் தராவிட்டால் கிளையன்ட் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) விடாமல் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கும். டிசிபி வழியாக என்றால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் இயல்பான காத்திருப்பு 60 விநாடி. 'சர்வர் நாட் ரெஸ்பான்டிங், ஸ்டில் டிரையிங்' என்று கர்னல் லாகில் ஒரு வரி விழும். சர்வர் திரும்பியதும் 'ஓகே' என்று இன்னொரு வரி விழும், வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும். ரயில்வே கேட்டில் நிற்கிற வண்டிகள் மாதிரிதான், கேட் திறந்தால் அவை பாட்டுக்குப் போய்விடும். காத்திருக்கும் ப்ராசஸ்கள் (ஓடும் ப்ரோக்ராம்கள்) 'டி' நிலையில், அதாவது பதிலுக்காக உறங்கும் நிலையில் இருக்கும். லினக்ஸ் அந்த நிலையில் இருப்பவற்றையும் லோட் ஆவரேஜில் சேர்த்து எண்ணுகிறது, அதனால்தான் சிபியூ சும்மா இருக்கும்போதும் லோட் நூறு, இருநூறு என்று ஏறுகிறது. அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

இந்த உறைதலைத் தவிர்க்க 'சாஃப்ட்' மவுன்ட் போடச் சொல்லி யாராவது அறிவுரை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சாஃப்ட் மவுன்ட்டில் சில முறை முயன்றுவிட்டு கர்னல் அப்ளிகேஷனிடம் உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்று சொல்லிக் கைகழுவிவிடும். இரண்டு நாளாக ஓடும் ஒரு சிமுலேஷன் வேவ்ஃபார்ம் ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிழை வந்தால் என்ன ஆகும்? நல்ல ப்ரோக்ராம் என்றால் செத்துவிடும். மோசமான ப்ரோக்ராம் பிழையைக் கவனிக்காமல் மேலே எழுதிக்கொண்டே போகும், நடுவில் ஓட்டை விழுந்த ஃபைல் ஒன்று உங்களுக்கு மிஞ்சும். இதில் இரண்டாவதுதான் கொடுமை, ஏனென்றால் அது வெளியே தெரிய வாரக்கணக்காகும். படிக்க மட்டும் பயன்படும் டூல் டைரக்டரிகளுக்கு சாஃப்ட் பரவாயில்லை. எழுதும் இடத்துக்கு ஹார்ட் மட்டுமே.

சரி, முதல் வகை: கர்னல் பேட்ச் போட்டு ரீபூட், பத்து பதினைந்து நிமிடத்தில் சர்வர் திரும்பிவிடும். இதற்குக் கிளையன்ட் பக்கம் நீங்கள் கிட்டத்தட்ட எதுவுமே செய்ய வேண்டாம். அன்மவுன்ட் வேண்டாம், ஜாப்களைக் கொல்ல வேண்டாம். மக்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், "திரை உறைந்தால் எதையும் அழுத்தாமல் காத்திருங்கள்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஆள் ஆளுக்குத் தங்கள் இயந்திரத்தை ரீபூட் செய்வார்கள். அப்போதுதான் டேட்டா போகும்: கிளையன்ட்டின் நினைவகத்தில் எழுதக் காத்திருந்த பக்கங்கள் அந்த ரீபூட்டில் அழிந்துவிடும். சர்வர் நின்றதால் டேட்டா போகவில்லை, காத்திருக்காததால் போனது.

இந்த வகையில் நிறையப் பேர் 'ஒழுங்காக' செய்வதாக நினைத்துச் செய்கிற ஒன்று இருக்கிறது. சர்வரை நிறுத்துவதற்கு முன் 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ்' கட்டளையால் எல்லா எக்ஸ்போர்ட்களையும் கையால் எடுத்துவிடுவது. கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது: முதலில் கதவைச் சாத்து, அப்புறம் விளக்கை அணை. ஆனால் என்எஃப்எஸ் சேவை உயிரோடு இருக்கும்போது எக்ஸ்போர்ட்டை எடுத்தால், சர்வர் மௌனமாக இருக்காது, பதில் சொல்லும். அந்தப் பதில் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்ற பிழை, அதாவது கையில் இருக்கும் ஃபைல் அடையாளம் இனிச் செல்லாது என்பது. ஹார்ட் மவுன்ட் காத்திருப்பது பதில் வராதபோது மட்டுமே. பிழை என்ற பதில் வந்தால் அதை அப்படியே அப்ளிகேஷனிடம் கொடுத்துவிடும். ஹார்ட் மவுன்ட் தரும் பாதுகாப்பை உங்கள் கையாலேயே உடைத்த மாதிரி ஆகிவிடும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் 'என்எஃப்எஸ்-சர்வர்' யூனிட் ஃபைலைத் திறந்து பாருங்கள். நிறுத்தும்போது முதலில் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஆர்பிசி என்எஃப்எஸ்டியின் த்ரெட் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குகிறது, அதற்குப் பிறகுதான் எக்ஸ்போர்ட்களை எடுக்கிறது. தொடங்கும்போது இதற்கு நேர்மாறு: முதலில் எக்ஸ்போர்ட் பட்டியல், பிறகு த்ரெட்கள். அந்த வரிசையை எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். எனவே 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் என்எஃப்எஸ்-சர்வர்' என்று அடித்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், நடுவில் புகுந்து உதவ வேண்டாம்.

திரும்பி வரும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ப்ராஜெக்ட் வால்யூம் மவுன்ட் ஆவதற்கு முன்பே என்எஃப்எஸ் தொடங்கிவிடக் கூடாது. தொடங்கினால் அடியில் இருக்கும் காலி டைரக்டரி எக்ஸ்போர்ட் ஆகும், நாற்பது கிளையன்ட்களுக்கும் மறுபடி அதே ஸ்டேல் பிழை. எஃப்எஸ்டேப் ஃபைலில் (மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) இருக்கும் மவுன்ட்களுக்கு சிஸ்டம்டி தானே வரிசை பார்த்துக்கொள்ளும். கையாலோ ஸ்கிரிப்டாலோ மவுன்ட் செய்யும் வால்யூம் என்றால் அதற்குத் தெரியாது. எக்ஸ்போர்ட் வரியில் 'எம்பி' என்ற ஆப்ஷனைச் சேர்த்துவிடுங்கள். அந்த இடத்தில் உண்மையாகவே ஏதாவது மவுன்ட் ஆகியிருந்தால்தான் எக்ஸ்போர்ட் ஆகும். இரண்டெழுத்து ஆப்ஷன்தான், ஆனால் பெரிய விபத்துகளைத் தடுக்கும்.

இரண்டு, கிரேஸ் பீரியட். என்எஃப்எஸ் 4 பதிப்பில் சர்வர் ரீபூட்டானதும், முன்பு திறந்திருந்த ஃபைல்களையும் லாக்குகளையும் (பிறர் குறுக்கிடாமல் ஃபைலின் மேல் போட்ட பூட்டுகளையும்) கிளையன்ட்கள் திரும்பக் கோர அவகாசம் தருகிறது. லினக்ஸில் இயல்பாக 90 விநாடி. அதுவரை புதிதாக ஃபைலைத் திறக்கவோ லாக் எடுக்கவோ முயல்பவர்கள் காத்திருக்க நேரலாம். சர்வர் வந்துவிட்டது, பிங் போகிறது, ஆனால் ஃபைல் திறக்கவில்லை என்று பதறி சேவையை மறுபடி ரீஸ்டார்ட் செய்தால், அந்த 90 விநாடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். யார் யார் லாக் வைத்திருந்தார்கள் என்ற குறிப்பு சர்வரின் வார் டைரக்டரிக்குள் லிப், அதற்குள் என்எஃப்எஸ் என்ற இடத்தில் இருக்கிறது. 'சுத்தம்' செய்கிறேன் என்று யாரும் அதை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய 3ஆம் பதிப்பில் இதே வேலையை ஸ்டாட்டி என்ற தனிச் சேவை செய்கிறது, அதற்கும் குறிப்புகள் அதே இடத்தில்தான்.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கட்டடத்துக்கே மின்சாரம் இல்லை என்றால் கிளையன்ட்களும் அணைய வேண்டும். இங்கே விதி தலைகீழ். அணையும்போது கிளையன்ட்கள் முதலில், சர்வர் கடைசியில். ஏறும்போது சர்வர் முதலில். கிளையன்ட் அணையும்போது தன் மவுன்ட்களை விடுவிக்க வேண்டும், எழுதாமல் வைத்திருக்கும் பக்கங்களை சர்வருக்கு அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் சர்வர் ஏற்கெனவே போயிருந்தால், கிளையன்ட்டின் ஷட்டவுன் அங்கேயே மாட்டிக்கொள்ளும். போன முறை நீங்கள் பவர் பட்டனை அழுத்த நேர்ந்தது இதனால்தான்.

வேலை உண்மையில் வெள்ளிக்கிழமை மத்தியானமே தொடங்குகிறது. பெங்களூரில் நம் ஆட்கள் வெள்ளி சாயங்காலம் மடிவாளாவிலோ சில்க் போர்டிலோ சேலம், ஈரோடு, மதுரை பஸ் பிடிக்கப் பாய்ந்துவிடுவார்கள். விஎன்சி (தொலை டெஸ்க்டாப்) செஷன்கள் எல்லாம் திறந்தபடியே கிடக்கும், ஒவ்வொன்றிலும் பத்து டெர்மினல், ஒவ்வொரு டெர்மினலும் ப்ராஜெக்ட் டைரக்டரிக்குள் நிற்கும். சனிக்கிழமை இரவு போன் செய்தால் ஊரில் சிக்னல் இருக்காது. எனவே புதன்கிழமையே மெயில், வெள்ளி காலையில் நினைவூட்டல், மத்தியானம் மூன்று மணிக்கு ஒவ்வொரு டீமின் குரூப்பிலும் ஒரு வரி. அதில் 'மெயின்டனன்ஸ் விண்டோ' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், "ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பிறகு ஓடும் எந்த ஜாபும் கொல்லப்படும், செஷனை மூடிவிட்டுப் போங்கள்" என்று எழுதுங்கள். அக்கவுன்ட்ஸுக்கும் செக்யூரிட்டி மேசைக்கும் போகும் நோட்டீஸில் கன்னடத்திலும் இரண்டு வரி சேர்ப்பது நல்லது. நமக்கு எழுத வராவிட்டால் பக்கத்து சீட்டில் கேட்டால் எழுதித் தருவார்கள்.

ஜாப் ஷெட்யூலர் ஏதாவது இருந்தால், வெள்ளிக்கிழமையே க்யூவை மூடிவிடுங்கள். ஸ்லர்ம் என்றால் நோடுகளை 'ட்ரெயின்' நிலைக்கு மாற்றுவது. ஓடுவது ஓடி முடியும், புதிதாக எதுவும் ஏறாது. சனிக்கிழமை இரவுக்குள் பெரும்பாலானவை தானாக முடிந்திருக்கும். மிஞ்சும் நீண்ட ஜாப்களுக்கு உரியவரிடம் பேசிச் செக்பாயின்ட் (பிறகு அங்கிருந்தே தொடர உதவும் இடைநிலைப் பதிவு) எடுக்கச் சொல்லுங்கள். அவரிடம் பேசாமல் கொல்லாதீர்கள். ஒரு வாரம் ஓடிய ஜாப் ஒருவருடைய டேப்-அவுட் (சிப் டிசைனைத் தயாரிப்புக்கு அனுப்பும்) தேதியையே தீர்மானிக்கக் கூடும்.

யார் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது? பழைய பழக்கத்தில் பலரும் சர்வரில் 'ஷோமவுன்ட்' அடிப்பார்கள். அதை நம்பாதீர்கள். அது படிப்பது, மவுன்ட் கோரிக்கைகளை ஏற்கும் மவுன்ட்டி என்ற சேவையின் குறிப்பேட்டை. போய்விட்ட கிளையன்ட் பெயர் அதில் தங்கிவிடும், 4ஆம் பதிப்பில் வரும் கிளையன்ட்கள் மவுன்ட்டியிடம் போவதே இல்லை என்பதால் அவர்கள் பெயர் அதில் ஏறவே ஏறாது. பட்டியல் காலி என்று நினைத்து அணைத்தால் முப்பது பேர் மாட்டிக்கொள்வார்கள். இரண்டு நல்ல வழிகள் உண்டு. 'எஸ்எஸ்' கட்டளையால் 2049ஆம் போர்ட்டில் நிலைத்திருக்கும் இணைப்புகளைப் பார்ப்பது ஒன்று, அது எந்தப் பதிப்புக்கும் உதவும். கர்னல் 5.3 முதல், சர்வரின் ப்ராக் டைரக்டரிக்குள் எஃப்எஸ், என்எஃப்எஸ்டி, கிளையன்ட்ஸ் என்று போனால் 4ஆம் பதிப்பின் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ஒரு டைரக்டரி இருக்கும். 'இன்ஃபோ' ஃபைலில் அதன் முகவரியும் பெயரும், 'ஸ்டேட்ஸ்' ஃபைலில் அது திறந்து வைத்திருக்கும் ஃபைல்களும் தெரியும். இது எவ்வளவு பெரிய வரம் என்பது, இதற்கு முந்தைய காலத்தில் இருட்டில் தேடியவர்களுக்குத்தான் தெரியும்.

கிளையன்ட் பக்கம் போங்கள். தொட்டதும் தானாக மவுன்ட் செய்யும் ஆட்டோஎஃப்எஸ் ஓடுகிறது என்றால் முதலில் அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அன்மவுன்ட் செய்த மறு நொடியே யாரோ அந்த டைரக்டரிக்குள் போக 'சிடி' அடிப்பார்கள், அது திரும்ப மவுன்ட் ஆகிவிடும். பிறகு 'ஃப்யூசர்' கட்டளையால் அந்த மவுன்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் வெறும் ஷெல்தான், உள்ளே நின்றுகொண்டிருக்கும் பழைய டெர்மினல். அவற்றை முடித்துவிட்டு சாதாரண 'யூமவுன்ட்'. அது வெற்றியாக முடிந்தால் எழுத வேண்டியதெல்லாம் எழுதப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

'பிஸி' என்று சொன்னதும் 'யூமவுன்ட் -எல்' போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது சோம்பேறி அன்மவுன்ட். பெயரை மட்டும் டைரக்டரி மரத்திலிருந்து எடுத்துவிடும், உள்ளே திறந்திருக்கும் ஃபைல்கள் அப்படியே சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும். மவுன்ட் பட்டியலில் ஒன்றும் தெரியாது, நீங்கள் முடிந்தது என்று நினைத்து சர்வரை நிறுத்துவீர்கள், கண்ணுக்குத் தெரியாத அந்த ப்ராசஸ் தொங்கிக்கொண்டிருக்கும். சர்வர் நிரந்தரமாகப் போய்விட்ட பிறகு, வேறு வழியில்லாத நேரத்துக்கு உரியது அது. திட்டமிட்ட வேலையில் அதற்கு இடமில்லை.

சர்வர் எதிர்பாராமல் போய் கிளையன்ட் உறைந்திருக்கும்போதும் சில விஷயங்கள் தெரிந்திருந்தால் பவர் பட்டனைத் தொட வேண்டாம். 'டிஎஃப்' அடிக்காதீர்கள், அது ஒவ்வொரு மவுன்ட்டையும் போய்க் கேட்கும், அதுவும் மாட்டிக்கொள்ளும். 'ஃபைண்ட்மவுன்ட்' கர்னலின் பட்டியலை மட்டும் படிப்பதால் உறையாது. 'பிஎஸ்' கட்டளையில் டபிள்யூசேன் என்ற நெடுவரிசையைக் கேட்டால் எந்த ப்ராசஸ் ஆர்பிசி பதிலுக்காக, அதாவது சர்வரின் பதிலுக்காக நிற்கிறது என்று தெரியும். கர்னல் 2.6.25 முதல் என்எஃப்எஸ்ஸுக்குக் காத்திருக்கும் ப்ராசஸை சிக்கில் (கட்டாயமாக முடித்துவிடும்) சிக்னலால் கொல்ல முடியும். 'டி நிலையில் இருப்பதை யாராலும் கொல்ல முடியாது' என்பது அதற்கு முந்தைய காலத்து உண்மை. அந்த ப்ராசஸ்களை முடித்துவிட்டு கட்டாய அன்மவுன்ட்டான 'யூமவுன்ட் -எஃப்' முயலுங்கள்.

கிளையன்ட்கள் எல்லாம் விலகியதும் சர்வரில் சேவையை நிறுத்துங்கள். அதன் பிறகும் ப்ராஜெக்ட் வால்யூமை அன்மவுன்ட் செய்ய முயன்றால் சில நேரம் 'பிஸி' வரும், ஃப்யூசரில் யார் பெயரும் தெரியாது. பிடித்திருப்பது கர்னலே. எக்ஸ்போர்ட் கேஷைக் காலி செய்ய 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -எஃப்' அடித்தால் பெரும்பாலும் விட்டுவிடும். 3ஆம் பதிப்பின் லாக்குகள் பிடித்திருந்தால், ப்ராக்கில் என்எஃப்எஸ்டி டைரக்டரிக்குள் 'அன்லாக்_ஃபைல்சிஸ்டம்' என்ற ஃபைலில் அந்த வால்யூமின் பாதையை எழுதினால் விடுபடும். உள்ளூரில் யாராவது அந்த வால்யூமுக்குள் ஷெல் வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள், பல சமயம் பேக்அப் ஸ்கிரிப்ட்தான்.

சாம்பா விஷயம் வேறு. போன முறை எக்செல் போனதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. என்எஃப்எஸ்ஸின் ஹார்ட் மவுன்ட் போல முடிவில்லாமல் காத்திருக்கும் பழக்கம் விண்டோஸ் பக்கம் கிடையாது. சர்வர் போனால் சிறிது நேரத்தில் அப்ளிகேஷனுக்குப் பிழை போய்விடும். சாம்பாவைச் சாதாரணமாக நிறுத்தித் தொடங்கினால், திறந்திருந்த ஃபைல்களின் பிடி போய்விடும். போதாக்குறைக்கு ஆப்லாக், லீஸ் என்ற ஏற்பாட்டில் விண்டோஸ் தன் பக்கமே மாற்றங்களைத் தேக்கி வைத்திருக்கும். அதனால் சாம்பாவில் 'சின்ன ரீஸ்டார்ட்' என்று ஒன்று இல்லை. பத்து விநாடி என்றாலும் ஆட்கள் ஃபைல்களை மூடியிருக்க வேண்டும். டேலி டேட்டா ஃபோல்டர் சாம்பா ஷேரில் இருந்து பல பேர் ஒரே நேரத்தில் வவுச்சர் போடும் அலுவலகங்களில் இது இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

நான் செய்யும் விதம் இது. 'எஸ்எம்பிஸ்டேட்டஸ்' அடித்தால் யார் எந்த ஷேரில் இருக்கிறார்கள், எந்த ஃபைல்கள் லாக்கில் இருக்கின்றன என்று பெயரோடு தெரியும். சாம்பாவில் இணைந்திருக்கும் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் தனி எஸ்எம்பிடி ப்ராசஸ் என்பதால் இது எளிது. பிறகு கான்ஃபிக் ஃபைலில் அந்த ஷேருக்கு 'அவைலபிள்' என்பதை 'நோ' ஆக்கி, 'எஸ்எம்பிகன்ட்ரோல்' வழியாக எல்லா ப்ராசஸ்களையும் கான்ஃபிக்கைத் திரும்பப் படிக்கச் சொல்வேன். புதிதாக யாரும் உள்ளே வர முடியாது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தொடர்வார்கள். இப்போது பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன். "மேடம், ஜூன் மாத ஸ்டேட்மென்ட் திறந்திருக்கிறது, சேவ் செய்து மூடிவிடுங்கள்" என்று ஃபைல் பெயரோடு சொன்னால் உடனே மூடிவிடுவார்கள். பொது அறிவிப்பால் ஆகாத வேலை இதில் ஆகும். யாரும் கிடைக்காமல் ஒன்றிரண்டு மிஞ்சினால், எஸ்எம்பிகன்ட்ரோலின் 'குளோஸ்-ஷேர்' அந்த ஷேரின் இணைப்புகளை மட்டும் துண்டிக்கும். அது கடைசி ஆயுதம், அந்த ஃபைலில் சேவ் செய்யாதது போகும் என்று தெரிந்தே எடுக்க வேண்டும்.

அப்புறம் சேவையை நிறுத்துங்கள். உபுண்டு, டெபியனில் அதன் பெயர் 'எஸ்எம்பிடி', ரெட் ஹாட் குடும்பத்தில் 'எஸ்எம்பி'. ஸ்கிரிப்டை ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போகும்போது இந்த ஓர் எழுத்தில் மாட்டுவார்கள். எந்த எஸ்எம்பிடி ப்ராசஸையும் 'கில் -9' போட்டுக் கொல்லாதீர்கள். பகிர்ந்த நினைவகப் பகுதி குழம்பிய நிலையில் நின்றுவிடலாம் என்று அதன் மேனுவலே எச்சரிக்கிறது. சாதாரண டெர்ம் சிக்னல் அனுப்பி, அது தானாக முடியும்வரை பொறுத்திருப்பதே வழி. ஒரே டைரக்டரி என்எஃப்எஸ்ஸிலும் சாம்பாவிலும் போகிறது என்றால் சாம்பாவை முதலில் நிறுத்துங்கள், இழக்கப் போவது அந்தப் பக்கத்து ஆட்கள்தான் என்பதால் அவர்கள் வேலை முதலில் பத்திரமாகட்டும். வேறொரு சர்வரின் என்எஃப்எஸ் மவுன்ட்டைச் சாம்பா மறுபடி ஷேர் செய்கிறது என்றாலும் அதே வரிசை.

புதுச் சர்வருக்கு மாறும் வேலைக்கு வருவோம். இங்கே சர்வர் திரும்பி வரவே போவதில்லை, அல்லது அதே பெயரில் வேறு ஆளாக வரும். என்எஃப்எஸ் கிளையன்ட் ஒரு ஃபைலைப் பெயரால் நினைவில் வைப்பதில்லை. சர்வர் கொடுத்த ஃபைல் ஹேண்டிலால் வைக்கிறது. லினக்ஸ் சர்வரில் அந்த ஹேண்டிலுக்குள் ஃபைல்சிஸ்டத்தின் அடையாளமும் ஐநோடு எண்ணும் (அந்த ஃபைலுக்கு ஃபைல்சிஸ்டம் தரும் உள் எண்) இருக்கின்றன. 'ஆர்சிங்க்' என்ற நகல் கருவியால் புது டிஸ்க்குக்குக் கொண்டுபோனால் பெயர்கள் எல்லாம் அப்படியே இருக்கும், ஐநோடு எண்கள் மாறியிருக்கும். அதே ஐபியைப் புதுச் சர்வருக்குக் கொடுத்து ஏற்றினால், ஹார்ட் மவுன்ட்டில் காத்திருந்த கிளையன்ட்கள் அத்தனைக்கும் ஸ்டேல் பிழை வரிசையாக விழும். எனவே ஆர்சிங்க் வழியில் மாறுவது என்றால் ஒரு கிளையன்ட்கூடப் பழைய மவுன்ட்டோடு இருக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமைக்குச் சொன்ன வரிசை அப்படியே பொருந்தும். பழைய டிஸ்க் பெட்டியையே கழற்றிப் புது இயந்திரத்தில் மாட்டுகிறீர்கள் என்றால் நிலைமை வேறு. ஃபைல்சிஸ்டம் அதே, எக்ஸ்போர்ட் வரியில் 'எஃப்எஸ்ஐடி' (ஃபைல்சிஸ்டத்துக்கு நாமே தரும் அடையாளம்) இருந்தால் அதுவும் அதே, ஐபியும் அதே என்றால் ஹேண்டில்கள் செல்லும். இந்த வழியில் போனால் முன்பு சொன்ன லாக் குறிப்பு டைரக்டரியையும் கூடவே எடுத்துப் போங்கள்.

ஆர்சிங்க்கை இரண்டு தடவையாக ஓட்டுங்கள். முதல் தடவை எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, நாள்கணக்கில் ஓடினாலும் பரவாயில்லை. கடைசித் தடவைக்கு முன் எல்லோரையும் வெளியேற்றி, எக்ஸ்போர்ட்டைப் படிக்க மட்டும் என்று மாற்றி, விட்டுப்போனதை மட்டும் எடுங்கள். அது முடிந்து கிளையன்ட் யாரும் இல்லை என்று உறுதியானதும் பழைய சர்வரில் எக்ஸ்போர்ட்டை எடுத்துவிடலாம். முதல் வகையில் நான் வேண்டாம் என்று சொன்ன அதே செயல் இங்கே சரி. மறந்துபோன ஏதோ ஒரு கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) பழைய சர்வரைத் தேடி வந்தால், அது காலத்துக்கும் தொங்குவதைவிடப் பிழை வாங்கிக்கொண்டு உங்கள் கண்ணில் படுவது மேல். டிஎன்எஸ் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் கிளையன்ட்கள் தானாகப் புதுச் சர்வருக்குப் போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். மவுன்ட் ஆகும் நேரத்தில்தான் பெயர் ஐபியாக மாறுகிறது, ஏற்கெனவே ஆன மவுன்ட் பழைய ஐபியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பழைய இயந்திரத்தில் ஆர்பிசிபைண்டை (எந்தச் சேவை எந்தப் போர்ட்டில் என்று சொல்லும் சேவையை) நிறுத்தும்போது சர்வீஸை மட்டும் நிறுத்தினால் போதாது, சாக்கெட் யூனிட்டையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் 111ஆம் போர்ட்டை யாராவது தட்டியதும் அது எழுந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஆனால் பெங்களூரில் தவிர்க்க முடியாத ஒன்று: சொல்லாமல் வரும் மின்வெட்டு. மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் அறிவித்த நேரத்துக்கு மேல் மின்சாரம் வராமல் போனாலோ ஜெனரேட்டர் எடுக்காமல் போனாலோ, யூபிஎஸ் பேட்டரி தீரும்போது இந்த வரிசையெல்லாம் ஆள் இல்லாமல் நடக்க வேண்டும். 'நட்' என்ற யூபிஎஸ் மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. யூபிஎஸ் கேபிள் மாட்டிய இயந்திரம் பிரைமரி, மற்றவை செகண்டரி. பேட்டரி தீரும் நிலையில் செகண்டரிகள் முதலில் அணையும், அவை விலகுவதற்காகப் பிரைமரி இயல்பாக 15 விநாடிவரை காத்திருக்கும். பெரும்பாலும் ஃபைல் சர்வர்தான் பிரைமரி, பார்க்க வரிசை சரியாகவே இருக்கும். சிக்கல் என்னவென்றால், செகண்டரி தன் ஷட்டவுனைத் தொடங்கியதுமே நட்டிலிருந்து விலகிவிடுகிறது. அதன் என்எஃப்எஸ் மவுன்ட்கள் விடுபட இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம். எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்து சர்வர் அணைந்தால், போன முறை நடந்ததே மறுபடி. எனவே சர்வரில் மட்டும் 'ஃபைனல்டிலே' மதிப்பை, இயல்பான 5 விநாடியிலிருந்து இரண்டு மூன்று நிமிடமாக உயர்த்துங்கள். அதற்கு முன் பேட்டரி அத்தனை நேரம் தாங்குமா என்று பாருங்கள், தாங்காவிட்டால் அணைக்கத் தொடங்கும் அளவை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

மின்சாரம் திரும்பும்போது எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் எழும், ரெய்டு கன்ட்ரோலரும் ஃபைல்சிஸ்டம் சோதனையும் உள்ள சர்வர்தான் கடைசியாக வரும். சாதாரண மவுன்ட் இரண்டு நிமிடம் முயன்றுவிட்டுத் தோற்றுவிடும், கிளையன்ட் காலி ஹோம் டைரக்டரியோடு லாகின் திரையைக் காட்டும். எஃப்எஸ்டேப் வரியில் 'பிஜி' சேர்த்தால் பின்னணியில் 10,000 நிமிடம்வரை, அதாவது கிட்டத்தட்ட ஒரு வாரம், முயன்றுகொண்டிருக்கும். சிஸ்டம்டியின் ஆட்டோமவுன்ட் ஆப்ஷன் இன்னும் நல்லது: யாராவது அந்த டைரக்டரியைத் தொடும்போதுதான் மவுன்ட் நடக்கும், அதற்குள் சர்வர் பெரும்பாலும் வந்திருக்கும். அதோடு 'நோஃபெயில்' சேர்த்தால் சர்வர் வர எவ்வளவு தாமதமானாலும் கிளையன்ட்டின் பூட் அதற்காக நிற்காது. ஞாயிறு காலை அணைப்பதற்கு முன்பே இந்த வரிகளை நாற்பது இயந்திரங்களிலும் மாற்றிவிடுங்கள்.